போர்பனுக்கு 100%, ரை விஸ்கிக்கு 150%: ஒரே ஆலையில் தயாராகும் சரக்குக்கு ஏன் ரெண்டு வரி?

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளை வடசென்னைக்காரர்கள் தினமும் பார்க்கிறார்கள். எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்குன்னு வெளியே நின்னு பார்த்தா யாராலயும் சொல்ல முடியாது. அதைச் சொல்வது காகிதம்தான். அந்தக் காகிதத்தில் இருக்கும் ஒரு வார்த்தை மாறினால், கட்ட வேண்டிய வரியும் மாறிவிடும்.

ஒரு உதாரணம். அமெரிக்காவின் கென்டக்கியிலிருந்து ஒரு கண்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்கு வருதுன்னு வெச்சுக்கலாம். உள்ளே ஒரே ஆலையில் தயாரான ரெண்டு வகை விஸ்கி: பாதி போர்பன், பாதி ரை. ரெண்டுக்கும் மதிப்பு பாட்டிலுக்கு 1,000 ரூபாய். 2025 பிப்ரவரியில் வந்த மாற்றத்தின்படி போர்பன் பாட்டிலுக்கு சுங்க வரி 1,000 ரூபாய். அதே பெட்டியில் பக்கத்தில் இருக்கும் ரை விஸ்கிக்கு 1,500 ரூபாய்.

இத்தனைக்கும் ரெண்டு பாட்டிலிலும் இருப்பது அதே மூன்று தானியங்கள்தான். அளவு மட்டும்தான் வேறு. 500 ரூபாய் வித்தியாசம் அந்த அளவில்தான் இருக்கிறது.

2025 பிப்ரவரியில் என்ன நடந்தது?

வெளிநாட்டு மதுபானங்களுக்கு இந்தியாவில் மொத்த இறக்குமதி வரி 150 சதவிகிதமாக இருந்தது. அடிப்படைச் சுங்க வரி 50, அதற்கு மேல் வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 100. பிரதமர் மோடி வாஷிங்டனில் அதிபர் ட்ரம்ப்பைச் சந்தித்த 2025 பிப்ரவரி 13 தேதியிட்டு மத்திய அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. போர்பன் விஸ்கிக்கு மட்டும் அந்த செஸ் பாதியாகி, மொத்த வரி 100 சதவிகிதம் ஆனது.

கவனிக்க வேண்டியது, ‘போர்பனுக்கு மட்டும்’ என்பதைத்தான். ‘அமெரிக்க விஸ்கி’ என்று அறிவிப்பில் இல்லை. அதனால் அமெரிக்காவிலேயே தயாராகும் ரை விஸ்கிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அப்போ போர்பன் எங்கே முடியுது, ரை எங்கே ஆரம்பிக்குது? அதைப் பார்க்கணும்னா ஆலையின் சமையல் கட்டுக்குள் போகணும்.

மேஷ் பில்: விஸ்கியின் இட்லி மாவுக் கணக்கு

விஸ்கி ஆலையில் எந்தத் தானியம் எத்தனை சதவிகிதம் என்ற கணக்குக்கு ‘மேஷ் பில்’ என்று பெயர். ‘பில்’ என்றதும் ரசீது ஞாபகம் வரும். இங்கே அது தானியப் பட்டியல்.

நம்ம வீட்டில் இருக்கும் கணக்குதான் இதுவும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு அரைத்தால் இட்லி மாவு. அதே அரிசி, அதே உளுந்து, அதே கிரைண்டர்; ஆனால் உளுந்தை ஏற்றி இறக்கினால் வேகும்போது வேறு பதம் வரும். ராயபுரத்தில் ஒரு வீட்டு இட்லி மாதிரி அடுத்த வீட்டு இட்லி இருக்காது, காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

அமெரிக்க விஸ்கியில் மூன்று பேர் முக்கியம். முதலாவது மக்காச்சோளம். ரெண்டாவது ரை. இந்தப் பெயரைக் கேட்டதும் ராகின்னு நினைச்சுடக் கூடாது, இந்தியில் கடுகைச் சொல்லும் ‘ராய்’யும் இல்லை. ரை என்பது கோதுமைக்குச் சொந்தக்காரத் தானியம். குளிர் நாட்டுப் பயிர், நம்ம பக்கம் விளையாது. சில ஆலைகள் ரைக்குப் பதில் கோதுமை போடுவதும் உண்டு.

மூன்றாவது, முளைகட்டிய பார்லி. இது ருசிக்காக மட்டும் வருவதில்லை, இதற்கு ஒரு வேலை இருக்கிறது. ஈஸ்ட் சர்க்கரையைத்தான் தின்னும், மாவுச்சத்தை நேரடியாகத் தொடாது. மக்காச்சோளத்திலும் ரையிலும் இருப்பதோ மாவுச்சத்து. தானியம் முளைவிடும்போது அதில் உருவாகும் நொதிகள் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கும். முளைகட்டிய கேழ்வரகை வறுத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் வீடுகளில், அந்த மாவுக்கு லேசான இனிப்பு ஏன் வருதுன்னு யோசிச்சிருந்தா, விடை இதேதான்.

சமைக்கும் வரிசையும் முக்கியம். கடினமான மக்காச்சோளத்தை முதலில் நல்ல கொதிநிலையில் வேகவைப்பார்கள். சூடு குறைந்ததும் ரை. இன்னும் ஆறியதும் கடைசியாகப் பார்லி, ஏன்னா அதிகச் சூட்டில் நொதிகள் செத்துப்போகும். ரை நிறைய போட்டால் கலவை பிசின் மாதிரி ஒட்டும், நொதிக்கும்போது நுரை பொங்கி வழியும். ஆடி மாசம் கூழ் கிண்டியவர்களிடம் கேட்டால் தெரியும், துடுப்பு நகராமல் போனால் என்ன பாடுன்னு.

மேஜிக் நம்பர் 51

அமெரிக்கச் சட்டப்படி மேஷ் பில்லில் குறைந்தது 51 சதவிகிதம் மக்காச்சோளம் இருந்தால் அது போர்பன் ஆகலாம். குறைந்தது 51 சதவிகிதம் ரை இருந்தால் அது ரை விஸ்கி. பாதிக்கு மேலே ஒரு படி, அவ்ளோதான்.

மற்ற விதிகள் ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று. வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது. பீப்பாய் புதிய ஓக் மரத்தில் செய்து, உள்பக்கம் தீயில் கருக்கியதாக இருக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது குறைந்தது 40 சதவிகிதம். போர்பனில் நிறமியோ வாசனைப் பொருளோ சேர்க்க அனுமதி கிடையாது.

இன்னொரு நிபந்தனை, போர்பன் அமெரிக்காவில் தயாராக வேண்டும். 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் போர்பனை அந்த நாட்டின் தனித்த தயாரிப்பு என்று தீர்மானம் போட்டு அறிவித்தது. கென்டக்கியில்தான் செய்யணும்னு சட்டம் இல்லை, அது பலருக்கும் இருக்கும் தவறான எண்ணம். அமெரிக்காவில் எங்கே செய்தாலும் போர்பன்தான். வர்த்தகப் பேச்சுவார்த்தையில் போர்பன் தனிப் பெயராக வந்து உட்கார்வதற்கு இந்த அந்தஸ்து ஒரு காரணம்.

ஒரே ஆலை, ரெண்டு கணக்கு

பல ஆலைகள் இந்தக் கணக்கை வெளியே சொல்வதில்லை. வெளிப்படையாகச் சொல்லும் ஆலைகளும் இருக்கின்றன.

கென்டக்கியின் வைல்ட் டர்க்கி ஆலையை எடுத்துக்கலாம். அதன் போர்பனில் மக்காச்சோளம் 75, ரை 13, பார்லி 12. அதே ஆலையின் ரை விஸ்கியில் ரை 51, மக்காச்சோளம் 37, பார்லி 12. பார்லி அசையவே இல்லை, வேலை செய்ய அது அவ்வளவு போதும். மக்காச்சோளமும் ரையும் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. அதிலும் ரை, கோட்டைத் தொட்டு நிற்கிறது. ஒரு சதவிகிதம் குறைந்தாலும் லேபிளில் ‘ரை’ என்று போட முடியாது. ஹெவன் ஹில் ஆலையிலும் இதே கதை. போர்பனில் மக்காச்சோளம் 78, பார்லி 12, ரை 10. ரை விஸ்கியில் ரை 51, மக்காச்சோளம் 35, பார்லி 14.

சட்டத்துக்குத் தேவையான அளவு மட்டும் ரை போடும் இந்தக் கென்டக்கி பாணியை, விஸ்கி பிரியர்கள் ‘சட்டத்துக்குத்தான் ரை’ என்ற அர்த்தத்தில் கிண்டல் செய்வது உண்டு. கிண்டலுக்குக் காரணம் இருக்கிறது. இண்டியானா மாநிலத்தின் லாரன்ஸ்பர்க் ஆலையில் 95 சதவிகிதம் ரை, 5 சதவிகிதம் பார்லி என்ற கணக்கில் ஒரு விஸ்கி தயாராகிறது. பல பிராண்டுகள் அதை வாங்கித் தங்கள் பெயரில் விற்கின்றன. 51க்கும் 95க்கும் லேபிளில் ஒரே வார்த்தைதான்.

நம்ம ஊரில் பெயர் தெரிந்த ஜாக் டேனியல்ஸ்? வழக்கமான பாட்டிலில் மக்காச்சோளம் 80, பார்லி 12, ரை 8. அவர்களின் ரை விஸ்கியில் ரை 70, மக்காச்சோளம் 18, பார்லி அதே 12. வழக்கமான பாட்டிலின் தானியக் கணக்கு போர்பனுக்குப் பொருந்தும். ஆனால் மரக்கரி வழியாக வடிகட்டும் டென்னசி மாநில முறையைச் சொல்லி, அவர்கள் ‘டென்னசி விஸ்கி’ என்றே லேபிள் ஒட்டுகிறார்கள்.

கணக்கை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது ஃபோர் ரோசஸ். அங்கே ரெண்டு மேஷ் பில். ஒன்றில் மக்காச்சோளம் 75, ரை 20, பார்லி 5. இன்னொன்றில் மக்காச்சோளம் 60, ரை 35, பார்லி 5. இதோடு ஐந்து வகை ஈஸ்ட். ரெண்டையும் ஐந்தையும் பெருக்கினால் பத்து வகை விஸ்கி, அத்தனையும் சட்டப்படி போர்பன். ஆக, 35 சதவிகிதம் ரை இருக்கும் போர்பனும் உண்டு, 37 சதவிகிதம் மக்காச்சோளம் இருக்கும் ரை விஸ்கியும் உண்டு. சுங்க அதிகாரிக்கு இது நடுவில் கோடு கிழித்த விஷயம். நாக்குக்கு அப்படி இல்லை.

நாக்கில் என்ன வித்தியாசம்?

மக்காச்சோளம் இனிப்பு தரும். ரை மிளகு, கிராம்பு மாதிரி ஒரு காரத்தைத் தரும். கோதுமை சேர்த்தால் அந்தக் காரம் இல்லாமல் மெத்தென்று இருக்கும். மேக்கர்ஸ் மார்க் போர்பனில் ரையே கிடையாது. மக்காச்சோளம் 70, கோதுமை 16, பார்லி 14.

ஆனால் எல்லாப் புகழும் தானியத்துக்கே என்று சொல்லிவிட முடியாது. வடித்து எடுத்த விஸ்கி தண்ணீர் நிறத்தில்தான் இருக்கும். அந்தப் பொன்னிறமும், வெனிலா, காய்ச்சிய சர்க்கரை மாதிரி வரும் வாசமும் கருக்கிய ஓக் பீப்பாயின் வேலை.

ரைதான் மூத்தது

இன்று அமெரிக்க விஸ்கி என்றால் போர்பன். ஒரு காலத்தில் கிழக்குக் கடற்கரைப் பக்கம் ரைதான் ராஜா. பென்சில்வேனியா, மேரிலாண்ட் விவசாயிகள் விளைந்த ரையைக் காய்ச்சினார்கள். அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனே மவுண்ட் வெர்னன் பண்ணையில் டிஸ்டில்லரி நடத்தினார். 1799இல் அங்கே தயாரானது சுமார் 11,000 கேலன். அவருடைய கணக்கு: ரை 60, மக்காச்சோளம் 35, பார்லி 5. இன்றைய சட்டத்தில் வைத்துப் பார்த்தால் அது ரை வகை. அதாவது அதிபரின் சொந்தக் கணக்கில் காய்ச்சிய சரக்கு 2025 பிப்ரவரி சலுகையில் சேராது!

மேற்கே கென்டக்கிக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு மக்காச்சோளம் சுலபமாக விளைந்தது, போர்பன் பிறந்தது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் இருந்த மதுவிலக்கில் ரை ஆலைகள் பல மூடின, நீண்ட காலம் எழவே இல்லை. ரைக்கு மறுபடி மவுசு வந்தது இந்த நூற்றாண்டில்தான்.

பெயரில் மட்டும் ரை இருப்பதும் உண்டு. கனடாவில் ‘ரை விஸ்கி’ என்று எழுத, இத்தனை சதவிகிதம் ரை இருக்க வேண்டும் என்ற விதியே கிடையாது. முக்கால்வாசி மக்காச்சோளமாக இருந்தாலும் ‘ரை’தான்.

சரி, நம்ம ஊர் விஸ்கியில் என்ன தானியம்?

விஷயம் இங்கேதான் சூடுபிடிக்கிறது. இந்தியாவில் அதிகம் விற்கும் விஸ்கிகளில் பெரும்பகுதிக்கு அடிப்படை தானியமே இல்லை, கரும்பு. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் எனும் கழிவுப் பாகை நொதிக்க வைத்து, வடித்து, எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால், சுருக்கமாக ஈஎன்ஏ, எடுக்கிறார்கள். அதில் கொஞ்சம் மால்ட் விஸ்கி அல்லது ஸ்காட்ச், நிறமி, வாசனை சேர்த்தால் ‘விஸ்கி’. அரிசி நொய்யிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுத்த ஈஎன்ஏ பயன்படுத்தும் பிராண்டுகளும் இருக்கின்றன.

இங்கே ஒரு தொழில்நுட்பப் பாயின்ட். போர்பனை 80 சதவிகிதத்துக்கு மேல் வடிக்கக் கூடாது என்று பார்த்தோமே, அதற்குக் காரணம் உண்டு. வடிக்க வடிக்க ஆல்கஹால் சுத்தமாகும், தானியத்தின் ருசி காணாமல் போகும். ஈஎன்ஏ சுமார் 96 சதிவிகிதம் வரை வடிக்கப்படுகிறது. அந்த நிலையில் அது கரும்பா, அரிசியா, மக்காச்சோளமா என்று நாக்கால் கண்டுபிடிப்பது கஷ்டம். மேஷ் பில் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி வேறு. விஸ்கி என்றால் தானியத்திலிருந்துதான் வடிக்க வேண்டும், குறைந்தது மூன்று ஆண்டுகள் மரப்பீப்பாயில் ஊற வேண்டும். அதனால் மொலாசஸ் கலந்த இந்திய விஸ்கியை அங்கே ‘விஸ்கி’ என்று விற்க முடியாது. இங்கே முடியும். 2019 ஏப்ரலில் அமலுக்கு வந்த இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதுபான விதிகள் மால்ட் விஸ்கி, கிரெயின் விஸ்கி, பிளெண்டட் விஸ்கி என்று வகை பிரிக்கின்றன. ஆனால் வேளாண் பொருளிலிருந்து எடுத்த நியூட்ரல் ஸ்பிரிட் கலந்ததையும் விஸ்கி என்றே ஏற்கின்றன. கரும்பும் வேளாண் பொருள்தானே.

இந்தக் கரும்புக் கதையின் ரெண்டு முனைகளும் வடசென்னையை ஒட்டியே இருப்பது ஒரு சுவாரஸ்யம். பாரிமுனைக்குப் பெயர் தந்த பாரி நிறுவனம்தான் 1842இல் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையைத் தொடங்கியது. ஆங்கஸ் மெக்டவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1826இல் மெட்ராஸில், கோட்டைக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர்களுக்கு மதுவும் சுருட்டும் இறக்குமதி செய்து விற்கத் தொடங்கிய கடைதான் பின்னாளில் மெக்டவல் நிறுவனம். 1951இல் அதை விட்டல் மல்லையா வாங்கினார். கப்பலில் வந்திறங்கும் சரக்கை நம்பி ஆரம்பித்த பெயர், பிறகு உள்ளூர் விஸ்கி பாட்டிலில் ஏறியது.

இந்தியாவில் தானியக் கணக்கில் அக்கறை காட்டும் ஆலைகள் இல்லாமல் இல்லை. பெங்களூருவின் அம்ருத், இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்தின் புகையூட்டிய பார்லியைச் சேர்த்து ஒரு சிங்கிள் மால்ட் தருகிறது. முளைகட்டிய ரையை மட்டும் வைத்தும் ஒன்று செய்திருக்கிறது. ஆனால் அந்த பாட்டில்களின் விலை தினக்கூலிக்காரரின் கைக்கு எட்டுவது இல்லை.

தானியத்தில் செய்தால் உடம்புக்கு நல்லதா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ‘இது கிரெயின் சரக்கு, தலைவலி வராது’ என்று சொல்பவர்கள் எல்லா ஏரியாவிலும் இருக்கிறார்கள். கரும்பில் எடுத்தாலும் மக்காச்சோளத்தில் எடுத்தாலும் எத்தனால் எத்தனால்தான். கல்லீரலுக்கு மேஷ் பில் தெரியாது. பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது மெத்தனால். அது இன்னொரு வகைச் சாராயம் கிடையாது, தொழிற்சாலைகளில் பயன்படும் ரசாயனம். பார்வையில் எத்தனால் மாதிரியே இருக்கும், உடலுக்குள் போனதும் விஷமாக மாறிக் கண்ணையும் உயிரையும் எடுக்கும். கரும்பு விஸ்கியா, தானிய விஸ்கியா என்ற பேச்சோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வரி குறைஞ்சா கடையில் விலை குறையுமா?

அவ்வளவு நேராகக் குறையாது. மது ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. துறைமுகத்தில் சுங்க வரி கட்டி முடிந்ததும், மாநில அரசின் கட்டணங்களும் வாட் வரியும் தனியாக ஏறும். தமிழ்நாட்டில் 2003இலிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில்தான். வெளிநாட்டுச் சரக்கு கிடைப்பது எலைட் கடைகளிலும் பெரிய ஹோட்டல் பார்களிலும். மத்திய அரசு 50 சதவிகிதப் புள்ளிகளை விட்டுக்கொடுத்தாலும், அதில் எவ்வளவு பில்லில் தெரியும் என்பது இறக்குமதியாளரும் மாநில அரசும் என்ன முடிவு எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மிகப் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்டது. உள்ளூர் விவசாயிகளை மனதில் வைத்து, அந்த மக்காச்சோளத்தை மூட்டையாக இறக்க 2025இல் நடந்த வர்த்தகப் பேச்சுவார்த்தையில் இந்தியா பிடிகொடுக்கவில்லை. ஆனால் அதே தானியம் வடிந்து, பீப்பாயில் ஊறி, பாட்டிலில் வந்தால் வரிச் சலுகை.

ஸ்காட்ச் பக்கமும் கதவு திறக்கிறது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் ஒப்பந்தத்தின்படி, அது அமலாகும்போது பிரிட்டன் விஸ்கிக்கான வரி 150இலிருந்து 75 ஆகும், பத்தாவது ஆண்டில் 40 ஆகும். அங்கே எந்தத் தானியம் எத்தனை சதவிகிதம் என்று பார்த்து வரியைப் பிரிக்கவில்லை. கென்டக்கி பெட்டி வந்தால்தான் ராஜாஜி சாலையில் காகிதத்தைத் திருப்பி, மக்காச்சோளம் 51ஐத் தாண்டிய சரக்கா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.